கல் பார்க்கப் போன மதாம்

கப்பல் டிக்கெட் ஆபீஸில் குப்பை கொட்டியவர்களுக்கு ஒன்று தெரியும்: பிரயாணம் போகிறவர் ஒருத்தர்தான், ஆனால் அந்தப் பிரயாணத்தை நடத்தி வைப்பது ஊர் முழுக்க. நானும் புதுச்சேரியில், கடற்கரைக்கு அடுத்த தெருவில், ஒரு கப்பல் ஏஜெண்டிடம் ஆறு வருஷம் குமாஸ்தாவாக இருந்தேன். பிரெஞ்சுக் கொடி இறங்கி நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். பாதி ஊருக்கு மகனோ மருமகனோ பிரான்சில் இருந்தான். அதனால் எங்களிடம் வருகிறவர்கள் மகள் பிரசவத்துக்குப் போவார்கள், அண்ணன் கருமாதிக்குப் போவார்கள், பென்ஷன் காகிதத்துக்கு அலையப் போவார்கள். சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று ஒரு ஜீவன் வந்ததில்லை. வந்த ஒரே ஒருத்தரையும் நான் படுத்திய பாடு இருக்கிறதே, அதை உங்களைப் போல இந்தத் தொழிலில் அடிபட்டவர்களிடம் சொன்னால்தான் எனக்கு மனசு ஆறும்.

யாருக்கு என்ன ஆச்சு?

அந்த ஒருத்தர் கனகவல்லி மதாம். கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் முப்பத்திரண்டு வருஷம் சாஜ்ஃபாம். மருத்துவச்சியை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவோம். ரிட்டையர் ஆகி மூன்று மாசம்தான் ஆகியிருந்தது. குடையை மடக்கி மேஜை ஓரமாகச் சாத்திவிட்டு, பிரான்சுக்குப் போக வர ஒரு டிக்கெட் வேண்டும் என்றார். நான் வழக்கப்படி முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அங்கே சொந்தக்காரர்கள்? ஒருத்தரும் இல்லை. அவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். பிறகு எதற்கு என்று கேட்க வாயெடுத்தேன். கைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். மூன்று இடம் எழுதியிருந்தது. போகிற வழியில் எகிப்து தேசத்துப் பிரமிடு. தென் பிரான்சில் நீம் என்கிற ஊரில் ரோமாபுரிக்காரர்கள் கட்டிய வட்டமான கல் அரங்கம். பாரீஸுக்குப் பக்கத்தில் வெர்சாய் அரண்மனை. அவ்வளவுதான்.

அவர் சொன்ன காரணத்தைக் கேட்டால் பாவமாக இருந்தது. வேலையில் இருந்த காலம் பூராவும் சேர்ந்தாற்போல் இரண்டு ராத்திரி வெளியூரில் தங்கியதில்லையாம். ஒரு வருஷம் திருவண்ணாமலை தீபத்துக்குக் கிளம்பினால், விழுப்புரம் ஸ்டேஷனிலேயே ஆள் வந்து திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்களாம். எந்த வீட்டிலாவது யாருக்காவது வலி எடுத்துவிடும். யாரும் வந்து கூப்பிட முடியாத தூரத்துக்கு ஒரு தடவை போக வேண்டும் என்று அப்போதே வைராக்கியம் வைத்திருக்கிறார். டிக்கெட்டைப் பற்றி யாரிடமும் மூச்சு விடாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, குடையை எடுத்துக்கொண்டே சொன்னார்: “முப்பத்திரண்டு வருஷமா புதுசா வர்றதையே பாத்துட்டேன் தம்பி. சாகறதுக்குள்ள ஒரு தடவ, ரொம்பப் பழசா இருக்கறத பாக்கணும்.”

அட்ரஸ் எழுதிக்குங்க

காகித வேலைக்கு அவரோடு நானும் அலைந்தேன். நாம் எந்தச் சர்க்காரின் குடிகள், எந்த ஜன்னலில் போய் நிற்பது என்று பாதி ஊருக்கே குழப்பமாக இருந்த காலம். நாலு ஜன்னல் ஏறி இறங்கி ஐந்தாவதில் ஒரு உத்தியோகஸ்தர் படிவத்தை எடுத்தார். யாரைப் பார்க்கப் போகிறீர்கள், பெயர், வயது, முகவரி என்று அதில் கட்டம் போட்டிருந்தது. யாரையும் பார்க்கப் போகவில்லை என்றதும் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தனி மனுஷி, இந்த வயசு, சொந்தம் இல்லை, வைத்தியம் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போட மாட்டேன் என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். நான் என் பங்குக்கு என்னென்னவோ உளறினேன். மதாம் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, ஜன்னலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: “பேரு நீம் அரங்கம். வயசு ரெண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. அட்ரஸ் கட்டுன நாள்லருந்து மாறல, எழுதிக்குங்க.”

கரும்பலகை

இப்போது என் லட்சணத்துக்கு வருகிறேன். எங்கள் ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை தொங்கும். அடுத்த கப்பலில் யார் யார் போகிறார்கள், எந்த ஊருக்குப் போகிறார்கள் என்று சாக்கட்டியால் எழுதி வைப்பது வழக்கம். எங்கள் முதலாளியின் தகப்பனார் காலத்திலிருந்து நடக்கிறது. மகனுக்கு ஊறுகாய் அனுப்ப வேண்டியவர்கள் அதைப் படித்துவிட்டு, போகிறவர் வீட்டுக்கு ஜாடியோடு போய் நிற்பார்கள். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இன்றைக்கு நீ கொண்டு போனால் நாளைக்கு உன் ஜாடியை இன்னொருத்தன் கொண்டு போவான்.

சனிக்கிழமை சாயங்காலம் பலகையைத் துடைத்துப் புதுசாக எழுதுகிறது என் வேலை. மனசு எங்கேயோ இருந்தது, கை பாட்டுக்கு எழுதியது. கனகவல்லி மதாம், மார்செய், பாரீஸ். அழகாக அடிக்கோடு வேறு போட்டேன். திங்கட்கிழமை காலை ஆபீஸைத் திறக்க வந்தபோது வாசலில் நாலு பேர் நின்று, மதாம் வீடு எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். அப்போதுதான் பலகையைத் திரும்பிப் பார்த்தேன். கைக்குட்டையால் பலகையைத் தேய்த்து என்ன பிரயோஜனம்? ஞாயிற்றுக்கிழமையே ஊர் படித்துவிட்டது. மதாம் வீட்டுக்கு ஓடிப் போய்க் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். திட்டுவார், அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: “உன்னையும் நான்தானே எடுத்தேன். அப்பவும் உனக்கு அவசரம், ஆறு வாரம் முன்னாடியே வந்துட்ட.”

அவர் எடுத்த பிள்ளைகள்

வேறு யாராக இருந்தாலும் நாலு ஜாடியோடு முடிந்திருக்கும். மதாம் விஷயத்தில் ஊருக்கு ஒரு தனி உரிமை இருந்தது. பிரான்சில் இருக்கிற பையன்களில் முக்கால்வாசிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள். வந்தவர்கள் யாரும் தயவு செய்து கொண்டு போங்கள் என்று கேட்கவே இல்லை. நீங்க எடுத்த புள்ளதானே மதாம் என்று சொல்லிவிட்டு ஜாடியைக் கீழே வைத்தார்கள். அவருக்கும் அந்த இடத்தில்தான் பலவீனம். யார் கால் முன்னால் வந்தவன், யார் கழுத்தில் கொடி சுற்றியிருந்தது எல்லாம் ஞாபகம் வைத்திருப்பார். அட, அவனா என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் போச்சு, ஜாடி உள்ளே போய்விடும். எலுமிச்சை ஊறுகாய், வடகம், அப்பளம், சீயக்காய்த் தூள். ஒருத்தர் அம்மிக் குழவி கொண்டு வந்தார். இன்னொருத்தர் முருங்கைக் கிளையை ஈரச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார், நட்டால் பிழைத்துக்கொள்ளுமாம். அந்த இரண்டை மட்டும் நான் சண்டை போட்டுத் திருப்பி அனுப்பினேன்.

வைத்திக்குப்பத்திலிருந்து அஞ்சலையம்மா வந்தார். மீன் விற்கிறவர். மகன் ஆறுமுகம் துலோன் துறைமுகத்தில் கப்பல் பட்டறையில் வேலை செய்கிறான். போய் ஒன்பது வருஷம் ஆகியும் ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. அவனுக்காக அவர் கொண்டு வந்தது ஒரு பெரிய ஓலைப்பெட்டி நிறைய வஞ்சிரக் கருவாடு. அதை ஆபீஸ் வழியாக எடுத்துப் போனபோது எங்கள் முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு பிரெஞ்சில் ஏதோ முனகினார். அப்புறம் எல்லோருக்கும் புரிகிற மாதிரி தமிழில் சொன்னார்: “இந்தப் பெட்டி போற கப்பல்ல எனக்கு டிக்கெட் விக்கவே பயமா இருக்கு.”

பிரமிடு போயிற்று

மதாமுக்குப் பிரான்சுத் தரையில் கிடைக்கப்போவது இருபது நாள். அதற்கு நான் ரூல் போட்டு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்திருந்தேன். இப்போது அதே காகிதத்தோடு அவர் தினமும் வருவார், நான் ரப்பரை எடுப்பேன். துலோனுக்கு ஒரு நாள், கப்பல் போய்ச் சேரும் மார்செய் சந்துகளில் மூன்று நாள், பட்டாளத்துப் பையன்கள் இருக்கிற ஊர்களுக்கு நாலு நாள். நீம் அரங்கத்துக்கு வைத்திருந்த இரண்டு நாள் ஒன்றாகி, அரையாகி, ரயில் ஜன்னல் வழியாகத் தெரியுமா என்று பார்க்கிற அளவுக்கு வந்தது. பாரீஸில் நாலு வீடு, நாலும் நாலு மூலை. வெர்சாய் அழிந்தது.

பிரமிடு மட்டும் மிச்சம் என்று நான் தைரியம் சொன்னேன். சூயஸில் இறங்கி, மோட்டாரில் போய்ப் பிரமிடைப் பார்த்துவிட்டு, கால்வாய் தாண்டிப் போர்ட் செய்த் துறைமுகத்தில் அதே கப்பலைப் பிடித்துவிடலாம். எல்லாக் கப்பலிலும் அப்படிப் போவார்கள். மதாம் தலையை ஆட்டினார். அவர் இல்லாத நேரத்தில் நாற்றம் தாங்காமல் கப்பல்காரன் கருவாட்டுப் பெட்டியைக் கடலில் வீசிவிட்டால் அஞ்சலைக்கு யார் பதில் சொல்வது? ஆகக்கூடி பிரமிடும் போயிற்று. காகிதத்தில் பதினாலு பையன்கள் இருந்தார்கள், கல் ஒன்றுகூட இல்லை. ரப்பர் தூளை ஊதித் தள்ளிவிட்டு மதாம் சொன்னார்: “விழுப்புரத்துக்கு ஆள் அனுப்பினாங்க. இப்ப எகிப்துக்கே அனுப்பிட்டாங்க.”

நான் கத்திய கத்தல்

அடுத்த வாரம் மதாம் டிக்கெட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, ரத்து செய்துவிடு என்றார். ஜாடிகளை அந்தந்த வீட்டில் திருப்பிக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னார், கண் மட்டும் கலங்கியிருந்தது. ஒரு மனுஷி ஆயுசில் ஒரே ஒரு ஆசைப்பட்டு, அதை நம்பி என்னிடம் சொன்னால், நான் அதை வாசலில் எழுதித் தொங்கவிட்டிருக்கிறேன். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. அந்த நேரம் பார்த்து மூலக்குளத்திலிருந்து ஒருத்தர் ஊறுகாய் ஜாடியோடு நுழைந்தார். மார்செயில் இருக்கிற மச்சான் மகனுக்காம். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ, உங்க மச்சான் மகனுக்குக் கால் இல்லையா, ஊறுகாய் வேணும்னா மதாம் இருக்கிற இடத்துக்கு அவன் வந்து வாங்கிக்கட்டும் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டேன். பாவம், அந்த மனுஷன் ஜாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

முதலாளி உள்ளேயிருந்து எழுந்து வந்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். மதாம் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். மேஜைமேல் வைத்த டிக்கெட்டைத் திரும்ப எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். காகிதமும் பேனாவும் கொண்டு வா என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை ஊரில் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். “கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் ராவும் பகலும் நான் போனேன். இப்ப நான் கூப்பிடறேன். அவனுங்க வரட்டும்.”

பதினைந்து கடிதம்

அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். மூலக்குளத்துக்காரரின் மச்சான் மகனையும் சேர்த்துப் பதினைந்து பேருக்கும் ஒரே கடிதம்தான். உன் வீட்டில் கொடுத்த சாமான் என்னிடம் இருக்கிறது, தெற்கே இருக்கிறவர்கள் இன்ன ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நீம் அரங்கத்து வாசலுக்கு வரவும், பாரீஸ்காரர்கள் அடுத்த ஞாயிறு வெர்சாய் வாசலுக்கு வரவும், வீட்டுக்குக் கொண்டு வந்து தரப்பட மாட்டாது. அந்தக் கடைசி வரியை அடிக்கோடிடச் சொன்னார். வேலைக்குப் போகிறவன் ஊறுகாய்க்காக ரயில் ஏறுவானா என்று முதலாளி சிரித்தார். எனக்கும் உள்ளூரச் சந்தேகம்தான்.

கருவாடு விஷயம் மட்டும் பாக்கி இருந்தது. அதற்காகப் பிரமிடைக் கைவிட்ட கதையை நான் அஞ்சலையம்மாவிடம் சொல்லித் தொலைத்தேன். அவருக்கு அவமானமாகப் போய்விட்டது. ஓலைப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நேராக ஈயம் பற்றவைக்கிறவரிடம் போய்விட்டு, மறுநாள் மண்ணெண்ணெய் டின் அளவுக்கு ஒரு தகரத்தோடு வந்தார். நாலு பக்கமும் பற்றவைத்து அடைத்திருந்தது. முதலாளி குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார், வாசனை இல்லை. அஞ்சலையம்மா சொன்னார்: “கருவாட்டுக்குக் காவல் இருக்கவா மதாம் கப்பல் ஏறுறாங்க? இத கட்டிலுக்கு அடியில தள்ளிட்டு அவங்க போயி அந்தக் கல்லப் பாக்கட்டும்.”

வாயைத் திறந்தால் ஊறுகாய் கிடையாது

மதாம் திரும்பி வந்ததும் முதலில் எங்கள் ஆபீஸுக்குத்தான் வந்தார். முகம் கறுத்து, பத்து வயசு குறைந்திருந்தது. பிரமிடைக் கழுத்து வலிக்கிற மட்டும் பார்த்தாராம். சுற்றிலும் ஒட்டகக்காரர்கள் கத்துகிறார்கள், ஆனால் மதாம் என்று கூப்பிட அங்கே ஒருத்தரும் இல்லை. அந்தச் சந்தோஷத்தில் மணலிலேயே உட்கார்ந்து தனியாகச் சிரித்தாராம். வண்டிக்காரன் வெயில் தலைக்கேறிவிட்டது என்று பயந்து தண்ணீர் கொண்டு வந்து கொடுத்திருக்கிறான்.

நீமில் பதினொரு பேரும் வந்துவிட்டார்கள். ஆறுமுகம் விடிவதற்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தான். பாதிப் பேர் வருஷக்கணக்காக இரண்டு மூன்று மணி நேர தூரத்தில் இருந்தும், ஒருத்தன்கூட அந்த அரங்கத்துக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே போனதும் பதினொரு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். அம்மா எப்படி இருக்கிறாள், தங்கச்சிக்கு இடம் பார்த்தார்களா, புயலில் எங்கள் வீட்டு ஓடு போயிற்றாமே. மதாம் அத்தனை தூரம் வந்தது இதற்கில்லை. பிரசவ அறை வாசலில் சொந்தக்காரர்கள் கும்பல் கூடினால் என்ன செய்வாரோ அதையே செய்தார். எல்லோரையும் கல் படிகளில் வரிசையாக உட்கார வைத்தார், அவனவன் ஜாடியை அவனவன் மடியில் கொடுத்தார், ஒரு மணி நேரம் யாரும் பேசக்கூடாது என்றார். பதினொரு ஆம்பிளைகள் ஜாடியும் தகரமுமாக அப்படியே உட்கார்ந்திருக்க, மதாம் ரோமாபுரிக் கல்லை ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார். எப்படி அடங்கினார்கள் என்று கேட்டேன். “வாயத் தொறந்தா ஊறுகாயத் திருப்பி எடுத்துட்டுப் போயிடுவேன்னு சொன்னேன். அப்புறம் நிம்மதியாப் பாத்தேன்.”

வராத ஒருத்தன்

வெர்சாயில் நாலு பேரில் மூன்று பேர்தான் வந்தார்கள். நாலாமவனுக்காக அரண்மனையை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சுற்றிவிட்டு, அவன் ஜாடியை எங்கள் ஆபீஸுக்கே திருப்பிக் கொண்டு வந்துவிட்டார். அவன் அம்மா வருத்தப்படுவாளே என்று நான் கேட்டதற்கு, கப்பல் ஏறும் முன்பே அவளிடம் பேசியாயிற்று, அவன் வராவிட்டால் நம்மையே சாப்பிடச் சொன்னாள் என்றார். நானும் முதலாளியும் பத்து நாள் தயிர்சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். கடல் தாண்டிப் போய் வந்த ஊறுகாய், நன்றாகவே ஊறியிருந்தது. அந்தப் பையன் பேரில் மதாமுக்குத் துளி வருத்தமும் இல்லை. “பொறக்கறப்பவே அவன் பத்து நாள் லேட்டு. வருவான், எப்பவாவது வந்து நிப்பான்.”

ஆறுமுகம் எழுதிய கடிதம்

இரண்டு வாரம் கழித்து அஞ்சலையம்மா மீன் கூடையை வாசலில் இறக்கிவிட்டு ஒரு கடிதத்தோடு உள்ளே வந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஆறுமுகத்தின் கடிதங்களை எப்போதும் நான்தான் படித்துச் சொல்லுவேன். எப்போதும் மூன்று வரிதான் இருக்கும், நலம், நலமறிய ஆவல், உடம்பைப் பார்த்துக்கொள். இந்தத் தடவை இரண்டு பக்கம் எழுதியிருந்தான். கருவாட்டைப் பற்றி, பக்கத்து ஊர்களில் இத்தனை நம்ம பையன்கள் இருப்பது தெரியாமலே இருந்ததைப் பற்றி, அந்த அரங்கத்தின் கல் எவ்வளவு பெரிசு என்பதைப் பற்றி. அதற்கப்புறம் இப்படி எழுதியிருந்தான்: வந்து ஒன்பது வருஷத்தில் வேலை இல்லாமல் ஒரு மணி நேரம் நான் சும்மா உட்கார்ந்திருந்தது அன்றைக்குத்தான் அம்மா, முதுகில் வெயில் பட்டது, நன்றாக இருந்தது.

முதலாளி பேப்பரைத் தாழ்த்தி எங்களைப் பார்த்தார். அஞ்சலையம்மா அழவில்லை. அந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். கடிதத்தை வாங்கி மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். வாசல் வரை போனவர் கூடையைத் தூக்காமல் திரும்பி வந்தார். “கல்லு பாக்கப் போறவங்க வேற யாராவது இருந்தா சொல்லு தம்பி. இன்னொரு தகரம் குடுத்து அனுப்புறேன், எம்புள்ள இன்னும் ஒரு மணி நேரம் ஒக்காரட்டும்.”

அதற்கப்புறம் யார் டிக்கெட் கேட்டு வந்தாலும், போகிற வழியில் பழைய கட்டடம் ஏதாவது பார்க்க உத்தேசம் உண்டா என்று நானே வலியக் கேட்டு, ஊரில் பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கியதுதான் ஆறு வருஷத்தில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி உயர்வு.